ஏழு எம்.எம். கட்டம்

மூத்தோர் நல வாரியத்தின் படிவப் பிரிவில் எல்லோரும் அவரைக் கட்டம் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் எழுத ஒரு வரிசைக் கட்டம், பிறந்த தேதிக்கு எட்டுக் கட்டம், ஆணா பெண்ணா என்று டிக் அடிக்க ஆளுக்கொரு கட்டம் என்று பத்தொன்பது வருடமாகக் கணினியில் அவர் போட்டுக்கொண்டிருந்தது கட்டம்தான். ஒரு கட்டம் ஏழு எம்.எம். அகலம், ஏழு எம்.எம். உயரம். வயதான கை ஓர் எழுத்தை எழுதவும், எழுதும்போது கொஞ்சம் நடுங்கினால் சமாளித்துக்கொள்ளவும் அது போதும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய மச்சான் போன் செய்தான். மனைவியின் தம்பி. புதிதாகச் சாவிக் கடை போட்டிருந்தான்.

"மாமா, ஒரு விசிட்டிங் கார்டு போட்டுக் குடுங்க. உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை."

அலுவலகக் கணினியில் அலுவலக நேரத்தில் மச்சானுக்குக் கார்டு போடுவது தப்பு என்று அவருக்குத் தெரியும். ஐந்து நிமிடத் தப்புதானே என்று இருந்துவிட்டார். கார்டில் எழுத்து வேலை அதிகம். எழுத்தை பாயிண்ட் கணக்கில்தான் அளப்பார்கள். அதனால் மென்பொருளின் அளவையும் எம்.எம்.மிலிருந்து பாயிண்டுக்கு மாற்றிக்கொண்டார். மாற்றும்போது எந்தக் கோப்பும் திறந்திருக்கவில்லை. கோப்பைத் திறந்துவைத்து மாற்றினால் அந்தக் கோப்போடு போயிற்று. எதையும் திறக்காமல் மாற்றினால், அதற்குப் பின் பிறக்கும் கோப்பெல்லாம் அந்த அளவிலேயே பிறக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கட்டம் சார் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான்.

கார்டு அழகாக வந்தது. திரும்ப மாற்றி வைக்க மறந்துபோனார்.

மறுநாள் காலை பிரிவு அலுவலரான மேடம் அவர் மேஜைக்கு வந்து நின்றார். மருந்து அட்டை புதுப்பிக்கும் படிவம் புதிதாக வேண்டும், தலைவர் சாயங்காலத்துக்குள் கேட்கிறார் என்றார். கட்டம் சார் புதுக் கோப்பு திறந்தார். அகலம் ஏழு, உயரம் ஏழு என்று தட்டினார். பத்தொன்பது வருடம் தட்டிய ஏழு. விரல் தானாகப் போயிற்று. மென்பொருளும் சொன்னபடி கேட்டு, ஏழு பாயிண்டில் கட்டம் போட்டுக் கொடுத்தது. ஏழு பாயிண்ட் என்றால் முழுசாக இரண்டரை எம்.எம்.கூட வராது.

கண்ணுக்கு வசதியாக நாலு மடங்கு பெரிதாக்கி வேலை செய்கிற ஆள், அதனால் திரையில் எதுவும் உறுத்தவில்லை. நாலு பக்கம் வரவேண்டிய படிவம் இரண்டே பக்கத்தில் அடங்கிவிட்டதைப் பார்த்தபோதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தன்மேல் மரியாதைதான் வந்தது. 'அனுபவம்' என்று நினைத்துக்கொண்டார்.

அச்சுக்குப் போகுமுன் படிவத்தில் ஏழு பேர் கையெழுத்துப் போடவேண்டும். சிக்கனத்துக்காக மாதிரிப் படிவத்தைப் பாதி அளவில்தான் அச்செடுக்க வேண்டும் என்று வாரியத்தில் ஒரு விதி இருந்தபடியால், ஏழு பேர் பார்த்ததும் பொடிப்பொடியான கட்டங்களைத்தான். எப்போதும் அப்படித்தான் இருக்கும். முதல் ஆள், தனக்குப் பின்னால் ஆறு பேர் பார்ப்பார்களே என்று கையெழுத்துப் போட்டார். ஏழாவது ஆள், தனக்கு முன்னால் ஆறு பேர் பார்த்தாயிற்றே என்று போட்டார். நடுவில் இருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் துணை இருந்தது.

மூன்றாவது வாரம் அவசரக் கூட்டம் கூடியது. வந்த படிவங்களில் நூற்றுக்கு எண்பத்தொன்று நிராகரிக்கப்பட்டிருந்தன. காரணத்துக்கென்று தனியாக ஒரு ரப்பர் முத்திரையே செய்துவிட்டார்கள்: 'எழுத்து கட்டத்தை மீறியது.'

கூட்டத்தில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். கட்டம் சார் அதைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்கேலை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்து அளந்தார். இரண்டரை. மறுபடி அளந்தார். ஸ்கேல் மனம் மாறவில்லை.

தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு காலத்துல நம்ம மூத்தோருக்கு அடக்கம்னா என்னன்னு தெரிஞ்சிருந்துச்சு. இன்னிக்கு ஒரு கட்டத்துக்குள்ள ஒரு எழுத்தை அடக்கத் தெரியல. வாரியம் கட்டம் குடுக்கும். எழுத்தையும் வாரியமா குடுக்க முடியும்?"

புள்ளிவிவர அதிகாரி எழுந்தார். "ஒரு நல்ல சேதியும் இருக்குங்க, ஐயா. எண்பத்தொரு சதவீதம் பேருக்கு மருந்து போகாததால, கிடங்குல மருந்து இருப்பு இதுவரைக்கும் இல்லாத அளவுக்கு உயர்ந்திருக்கு. தட்டுப்பாடுங்கற பேச்சுக்கே இடமில்ல."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். கட்டம் சார் எழுந்து நின்றார். சொல்லிவிடுவதற்காகத்தான் எழுந்தார், வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

"இவர்தானே படிவம் போட்டது?" என்று தலைவர் கேட்டார். "நாலு பக்கத்தை ரெண்டு பக்கமாக்கின மனுஷன் இவர்தானா? பாதிக் காகிதம் மிச்சம்! கை தட்டுங்கய்யா."

தட்டினார்கள். கை தட்டும்போது நிற்கிற ஆள் என்ன செய்வான்? தலையைக் கொஞ்சம் குனிந்தார். அது வணக்கம் போலவே இருந்தது. அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா சாப்பாட்டு மேஜையில் ஒரு உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய படிவம், முத்திரையோடு திரும்பி வந்திருந்தது.

அப்பா முப்பத்தொரு வருடம் தபால்காரராக இருந்தவர். மழையில் மை கரைந்த முகவரி, மருத்துவர் எழுதிய முகவரி, கோபத்தில் எழுதிய முகவரி எல்லாவற்றையும் படித்து வீடு சேர்த்தவர். ஒருமுறை 'தண்ணித் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் நெட்டை அண்ணனுக்கு' என்று வந்த கடிதத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். இப்போது கை நடுக்கம். அதற்கு ஒரு மாத்திரை உண்டு; அது வெளிக் கடைகளில் கிடைக்காது, வாரிய மருந்தகத்தில் அட்டையைக் காட்டினால்தான் கொடுப்பார்கள். அட்டைக்குப் படிவம். படிவத்தைக் கவுண்டரில் அதிகாரி முன்னால் சொந்தக் கையால் நிரப்ப வேண்டும். கை நடுங்காமல் இருக்க மாத்திரை, மாத்திரைக்கு நடுங்காத கை. வாரியம் இதை ஒரு சிக்கலாகப் பார்க்கவில்லை.

"ஊரான் கையெழுத்தையெல்லாம் படிச்சேன்," என்றார் அப்பா. "என் கையெழுத்தைப் படிக்க முடியலைன்னு அனுப்பிட்டாங்க பாரு. வயசாயிடுச்சுப்பா."

"கட்டம் கொஞ்சம் சின்னதா இருக்கோ என்னவோ..."

"சேச்சே. நீ போட்டது எப்படிச் சின்னதா இருக்கும்? கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்டகூடச் சொன்னேன், இந்தப் படிவம் என் பையன் போட்டதும்மான்னு. அப்புறம்தான் எழுதினேன். அவ முன்னாடி மானம் போச்சு."

கட்டம் சார் தண்ணீர் குடிக்கப் போனார். தாகம் ஒன்றும் இல்லை.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சாவிக் கடை, கார்டு, பாயிண்ட், எம்.எம்., எதையும் மறைக்கவில்லை. மேடம் கேட்டு முடித்துவிட்டு மேஜைக் கண்ணாடியின் கீழிருந்த குடும்பப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கட்டம் சார், நீங்க இப்ப சொன்னது எதுவும் என் காதுல விழல."

"மறுபடி சொல்றேன், மேடம்."

"விழாதுன்னு சொல்றேன். இதுல ஏழு கையெழுத்து இருக்கு. மூணாவது என்னோடது. ஏழாவது யாரோடதுன்னு தெரியுமில்ல? நீங்க தப்பு பண்ணினா அது தப்பு. ஏழு பேர் கையெழுத்துப் போட்டா அது அளவு."

"அப்ப ஜனங்க?"

மேடம் கெட்டவர் இல்லை. பெருமூச்சு விட்டார். "சரி, யாருக்கும் அடிபடாத மாதிரி ஒரு குறிப்பு மேல அனுப்பறேன்."

பாயிண்டைப் புள்ளி என்று தமிழாக்கி, அனுப்பவும் அனுப்பினார். 'புதிய படிவம் புள்ளி அலகிலும் ஏனைய படிவங்கள் மில்லிமீட்டர் அலகிலும் உள்ளன. இம்முரண்பாடு களையப்படலாம்' என்று இரண்டே வரி. தர நிர்ணயப் பிரிவு பதினோரு நாள் யோசித்து முரண்பாட்டைக் களைந்தது. இனி வாரியத்தில் எல்லாமே புள்ளி அலகில்தான் அளக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. எல்லாக் கணினிகளிலும் மென்பொருளின் இயல்பு அளவைப் புள்ளி என்று வைத்து, யாரும் மாற்றாதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டினார்கள்.

அதற்கப்புறம் வாரியத்துக்குள் நடந்ததை வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வரிசையில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் 2835 புள்ளி இடைவெளி விட்டு நிற்கவும் என்று வாசலில் பலகை மாட்டினார்கள். ஒரு அம்மா காவலாளியிடம் கேட்டார், "ரெண்டாயிரத்து எண்ணூத்திச் சொச்சம் புள்ளின்னா எவ்வளவு தூரம்ப்பா?"

"அந்தத் தூணுக்கும் இந்தத் தூணுக்கும் நடுவுல இருக்கே, அவ்வளவும்மா."

"அப்ப ஒரு தூண் தூரம்னு எழுதிடலாமே."

"தூண் அலகு இல்லம்மா," என்றார் காவலாளி. அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

நிராகரித்த படிவங்களை வைக்க அலமாரி தேவைப்பட்டது. 5102 உயரம் என்று தச்சருக்கு எழுதிப் போட்டார்கள். புள்ளிக் கணக்கில் அது ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தச்சர் தன் தொழிலில் எண் என்றால் எம்.எம். என்று வளர்ந்தவர். ஐந்து மீட்டர் அலமாரி ஒன்று இரண்டு வண்டியில் வந்து இறங்கியது. எந்த அறையிலும் நிற்காததால் நடைபாதையில் படுக்கப்போட்டார்கள். சொத்துப் பதிவேட்டில் 'கிடை அலமாரி' என்று ஏறியது. தாண்டிப் போகும் ஊழியர்களுக்காக இரண்டு பக்கமும் ஒரு படி கட்டிக்கொடுத்தார்கள்.

வீட்டில் கட்டம் சார் மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"என் தம்பி கார்டாலயா இவ்வளவும்?" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். "மேல சொல்லிடுங்க."

"சொன்னேன். அலமாரி வந்துச்சு."

"அப்பாகிட்ட?"

அவர் தட்டைக் கழுவ எழுந்தார்.

"அவர்கிட்ட சொன்னா எந்தச் சுற்றறிக்கையும் வராது, அலமாரியும் வராது. அதனாலதான் சொல்லல, இல்ல?" என்றாள் அவள். அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டாவது மாதம் வாரியம் 'சிற்றெழுத்துப் பயிற்சி முகாம்' தொடங்கியது. மூத்தோரைக் கட்டத்துக்குள் எழுதப் பழக்குவதற்கு. பயிற்றுநராகப் பொருட்காட்சிகளில் அரிசியில் பெயர் எழுதித் தருகிற ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பூதக்கண்ணாடி, ஊசிமுனைப் பேனா, கையைத் தாங்கப் பஞ்சுத் திண்டு சகிதம் வந்தார். முகாமுக்கு வேண்டிய கட்டத்தாள்களை அச்சிட்டுக் கொடுத்தது கட்டம் சார்தான். அரிசிக்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், நான் அரிசியில எழுதுறது ஒரு பேரு. அதுவும் காதலிக்கிறவங்க பேரு, ரெண்டெழுத்து மூணெழுத்து. இதுல முகவரி, வியாதி, மாத்திரை எல்லாம் கேக்குறீங்க. யாரு சார் இந்தக் கட்டத்தைப் போட்டது?"

"ஆபீஸ்தான்."

"அரிசியில தப்பா எழுதினா சோத்துல போட்டுடலாம். இவங்க தப்பா எழுதினா மாத்திரை கெடையாதாமே." அவர் பூதக்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "ஆபீஸ்னா ஆபீஸா, ஆளா?" என்று கேட்டார்.

கட்டம் சாருக்கு அவசரமாக வேறு வேலை இருந்தது.

அப்பா முகாமில் முதல் நாளே சேர்ந்துவிட்டார். வீட்டிலும் விடவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, கட்டத்தாளை விரித்து, இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். பக்கம் பக்கமாகத் தன் பெயரையே எழுதினார். மாத்திரை தீர்ந்து நடுக்கம் கூடிக்கொண்டே வந்தது. காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. சட்டைப் பொத்தானை மருமகள் போட்டுவிட்டாள்.

ஒரு நாள் கட்டம் சார் தாங்காமல், "அப்பா, நான் உங்க படிவத்தை இங்கேயே நிரப்பித் தர்றேன். கவுண்டர்ல தெரிஞ்சவங்க இருக்காங்க, உள்ள வெச்சிடலாம்," என்றார்.

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். "உன் ஆபீஸ்ல நீயே ஏமாத்தறதா? படிவம் போட்டவனே அப்பனுக்காகத் திருட்டுத்தனம் பண்ணினான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிட்டா என்ன ஆறது? எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. பழகிடும்."

கட்டம் சார் அலுவலகம் கிளம்பிப் போனார். பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார்.

நாலாவது மாதம் விழா. காகிதச் சிக்கன விருது கட்டம் சாருக்கு. வேண்டாம் என்று மேடத்திடம் கெஞ்சிப் பார்த்தார். "ஏழாவது கையெழுத்து குடுக்கற விருது அது. வேண்டாம்னா ஏன் வேண்டாம்னு கேப்பாங்க," என்றார் மேடம். அதோடு, விருது வாங்குகிறவரின் அப்பாவே முகாம் மாணவர் என்று யாரோ தலைவர் காதில் போட்டுவிட்டார்கள். அப்பா மேடையில் எல்லோர் முன்னாலும் ஒரு படிவம் நிரப்பிக் காட்டவேண்டும் என்று ஏற்பாடாகிவிட்டது.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அரங்கம் நிறைந்திருந்தது. தலைவர் நீளமாகப் பேசினார்.

"கட்டத்தைப் பெரிசு பண்ணுங்கன்னு சில பேர் மனு குடுத்தாங்க. நான் கேக்கறேன், இன்னிக்குக் கட்டம் பெரிசாகணும்பாங்க. நாளைக்கு எழுத்து பெரிசா தெரியணும்பாங்க. நாளன்னிக்குப் பதில் வேணும்பாங்க. இதுக்கெல்லாம் முடிவு எங்கே? இந்த வாரியம் மூத்தோருக்காக இருக்கு. மூத்தோர் சொல்றதுக்காக இல்ல."

பலத்த கைதட்டல். அப்பாவை மேடைக்கு அழைத்து மேஜை முன்னால் உட்காரவைத்தார்கள். மேலே கேமரா ஒன்று படிவத்தைப் பார்த்துத் தொங்கியது. அது காட்டுவதெல்லாம் பின்னால் இருந்த பெரிய திரையில் தெரிந்தது. திரையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு கதவளவு இருந்தது. கீழே மேஜையில் அதே கட்டம் எள்ளளவு. அரங்கத்தில் இருந்தவர்கள் பார்த்ததெல்லாம் திரையைத்தான்.

அப்பா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேனாவை வைத்தார். திரையில் ஒரு கறுப்புக் கோடு கதவுக்குள் நுழைந்து, நடுங்கி, பக்கத்துச் சுவரில் மோதி, அடுத்த கதவுக்குள் விழுந்தது. மறுபடி முயன்றார். அதுவும் வெளியே போயிற்று. அவ்வளவு பெரிய கதவுக்குள் ஒரே ஓர் எழுத்தை நுழைக்கத் தெரியாத மனுஷரைப் பார்த்து முதலில் பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே முன்னால் வந்தது.

அப்பா பேனாவை மூடினார். அவர் முன்னால் மைக் இருந்தது.

"மன்னிச்சிடுங்க," என்றார். "வாத்தியார் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு. என் பையன் கட்டத்தைச் சரியாத்தான் போட்டிருக்கான். என் கைதான் சரியில்ல."

விருதுக்காக மேடையோரம் உட்கார்ந்திருந்த கட்டம் சார் எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மைக்கை அப்பா முன்னாலிருந்து எடுத்துவிட்டிருந்தார்.

"கட்டம் தப்பு," என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "ஏழு எம்.எம். வரவேண்டியது. ஏழு பாயிண்ட் வந்துடுச்சு. நான் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சொந்த வேலை பாத்தேன், மச்சான் கடைக்குக் கார்டு. அளவை மாத்தினவன் திருப்பி வெக்கல. அவ்வளவுதான் விஷயம். இவங்க யார் கையிலயும் தப்பு இல்ல. தப்பு என்னுது."

மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். இதோ, முடிந்தது என்று கட்டம் சாருக்குத் தோன்றியது. மனசு நாலு மாதத்துக்கப்புறம் முதல்தடவையாக ஒரு நிலைக்கு வந்தது.

தலைவர் மெதுவாக எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். தலைவரின் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா?" என்று சபையைக் கேட்டார். "அப்பாவோட மானத்தைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறான் பாருங்க! இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளை! கை தட்டுங்கய்யா!"

இந்தத் தடவை எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். கட்டம் சார் "இல்லீங்க, நிஜமாவே" என்று இரண்டு தரம் சொன்னார். ஒவ்வொரு தரமும் சத்தம் கூடியது. தர நிர்ணய அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் விருதைத் திணித்தார்கள்.

மேடையில் ஒரே ஓர் ஆள் கை தட்டவில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகவரி தெளிவில்லாத உறையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பார்த்துப் படித்துவிட்டார்.

பேருந்து நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். நிறுத்தத்தில் பெஞ்சு இருந்தது. அப்பா உட்கார்ந்தார். கட்டம் சார் நின்றார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"மூணாவது வாரம். உங்க படிவம் திரும்பி வந்த அன்னிக்குத்தான்பா. மத்தியானம் மீட்டிங்ல அளந்தேன். சாயங்காலம் நீங்க காட்டினீங்க."

"அப்ப, நான் காட்டும்போதே தெரியும்."

"தெரியும்பா."

ஒரு பேருந்து வந்து நின்று போயிற்று. அவர்களுடையது இல்லை.

"தெனமும் காலையில எழுதினேனே. பக்கத்துலதானே உக்காந்து காப்பி குடிச்சே?"

"ஆமாம்பா."

அப்பா திட்டுவார் என்று கட்டம் சார் காத்திருந்தார். பேருந்து வந்ததும் ஏற்றிவிடுவதற்குக் கை கொடுத்தார். அப்பா அந்தக் கையைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து ஏறினார். கம்பியில் அவர் கை கிடுகிடுவென்று ஆடியது.

மறுநாள் காலை கட்டம் சார் எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனார். இயல்பு அளவு பூட்டிக் கிடந்தது. பூட்டு பூட்டாகவே இருக்கட்டும். அளவுப் பெட்டியில் வெறும் ஏழு என்று தட்டாமல், ஏழுக்குப் பக்கத்தில் எம்.எம். என்று இரண்டு எழுத்தைச் சேர்த்துத் தட்டினால் மென்பொருள் எந்தப் பூட்டையும் பார்க்காமல் எம்.எம்.மிலேயே போடும். இது அவருக்குப் பூட்டு விழுந்த அன்றே தெரியும். கடவுச்சொல் வேண்டாம், குறிப்பு வேண்டாம், யார் தயவும் வேண்டாம். இரண்டு பக்கம் மறுபடி நாலு பக்கம் ஆகும், ஆனால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நாலு மாதம் போயிற்று.

தட்டினார். வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஏழு கையெழுத்துக்கும் அனுப்பினார். ஏழும் வந்தன. ஏன் நாலு பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் நிராகரிப்பு எண்பத்தொன்றிலிருந்து நாலாக இறங்கியது. சிற்றெழுத்துப் பயிற்சியின் மகத்தான வெற்றி என்று வாரியம் அறிக்கை விட்டது. முகாம்களை இரட்டிப்பாக்கினார்கள். அரிசிக்காரருக்குப் பதவி நிரந்தரமாயிற்று. அவர் ஒரு நாள் புதுப் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கட்டம் சாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலமாரியைத் தாண்டிப் போனார்.

அப்பா படிவம் நிரப்பப் போகிற அன்று கட்டம் சார் கூட வருவதாகச் சொன்னார்.

"வேண்டாம். நானே போய்க்கறேன்," என்றார் அப்பா. வீட்டில் இப்போதெல்லாம் அவர் பேச்சு அவ்வளவுதான். கோபம் மாதிரித் தெரியவில்லை. விருந்தாளியிடம் பேசுவது மாதிரி மரியாதையாகப் பேசினார்.

படிவப் பிரிவின் ஜன்னல் கவுண்டர் கூடத்துக்கு நேர் மேலே இருந்தது. கட்டம் சார் பதினோரு மணிக்கு ஜன்னலோரம் போய் நின்றார். அப்பா வரிசையில் நின்றார், உட்கார்ந்தார், எழுதினார். கை ஆடியது, எழுத்துக்கள் கட்டத்துக்குள் இப்படியும் அப்படியும் சாய்ந்து, எப்படியோ உள்ளேயே நின்றன. கவுண்டர்ப் பெண் வாங்கி முத்திரை குத்தினாள். முகாம் அதிகாரி ஒருவர் கேமராவோடு ஓடிவந்தார். ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு மேலே கேட்டது.

"ஐயா, பயிற்சியால கெடைச்ச பலன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க!"

"பயிற்சி இல்லீங்க," என்றார் அப்பா. "கட்டம் பெருசாயிருக்கு. அவ்வளவுதான்."

"அப்படியா? எங்களுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. சரி, இப்படிப் பாருங்க. இல்ல, கொஞ்சம் மேல பாருங்க, வெளிச்சம் அங்கேருந்து வருது."

அப்பா மேலே நிமிர்ந்தார்.

நாற்பத்தெட்டு வயது கட்டம் சார் சட்டென்று குனிந்து ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, குப்பைக்கூடைக்குப் பக்கத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்பா பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. எழுந்து பார்த்தால் தெரிந்துவிடும். எழ முடியவில்லை.

பக்கத்து மேஜை தட்டச்சர் எட்டிப் பார்த்தார். "என்ன சார் தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. பேனா மூடி."

"அடடா," என்று அவரும் முட்டிபோட்டு மேஜைக்கு அடியில் தேடத் தொடங்கினார். கோப்பு எடுக்க வந்த இருவர் என்னவென்று கேட்டு அவர்களும் குனிந்தார்கள். விருது வாங்கியவருடைய மூடி அல்லவா? நாற்காலிகளை நகர்த்தினார்கள். கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த மேடம், புடவையை ஒதுக்கிக்கொண்டு தானும் ஒரு பக்கம் உட்கார்ந்து தரையைத் தடவினார். படிவப் பிரிவு முழுவதும் நாலு காலில் இருந்தது. நடுவில் கட்டம் சார் சுவரோடு சாய்ந்தபடி, மூடி போட்டபடியே இருந்த தன் பேனாவைச் சட்டைப் பையோடு சேர்த்துக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"கெடைச்சிடுச்சு!" என்றார் தட்டச்சர். பீரோவுக்கு அடியிலிருந்து தூசி படிந்த ஒரு நீல மூடியைக் கொண்டுவந்து நீட்டினார். "இதுவா சார்?"

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதேதான். ரொம்ப நன்றி," என்றார் கட்டம் சார்.